அரித்துப் பள்ளமான ஓடையைச் சீராக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையடிவார ஊர்களில் ஓடை வேலை என்று பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. இங்கே பேசுவது 2 முதல் 8 மீட்டர் அகலமுள்ள, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடைகளைப் பற்றி. பாலாறு, வைகை போன்ற ஆறுகளுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

ஓடை வருஷா வருஷம் ஆழமாகிக்கிட்டே போகுது. ஆழமானா தண்ணி ஊருக்குள்ள வராதே, நல்லதுதானே?

ஊருக்குள் வராது, உண்மைதான். கிணற்றுக்கும் போகாது. நல்ல நிலையில் இருக்கும் ஓடை ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறை கரை ததும்பி, இருபுறத் தாழ்நிலத்தில் பரவும். பரவும்போது வேகம் குறைகிறது, வண்டல் தங்குகிறது, நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. படுகை ஓர் ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் பெருமழை வெள்ளமும் பள்ளத்துக்குள்ளேயே அடைபட்டு ஓடும். படுகையை நீர் இழுக்கும் விசை, நீரின் ஆழத்தையும் சரிவையும் பொறுத்தது. முன்பு அரை மீட்டர் ஆழத்தில் பரவிய வெள்ளம் இப்போது ஒன்றரை மீட்டர் ஆழத்தில் போனால், அதே சரிவில் இழுவிசை மூன்று மடங்கு. ஆகவே ஆழமான ஓடை மேலும் ஆழமாகும்.

இன்னொரு கேடு கண்ணில் படாது. பக்கத்து நிலத்தின் மேல்மட்ட ஊற்று, ஓடைப் படுகையின் மட்டத்தை நோக்கித்தான் வடியும். படுகை 2 மீட்டர் இறங்கினால் ஓடையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் அதைத் தொடர்ந்து இறங்கும். மார்கழி முடிந்தும் கசிந்துகொண்டிருந்த ஓடை கார்த்திகையிலேயே வற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மழை முன்ன மாதிரிதானே பெய்யுது, இப்ப மட்டும் ஏன் அரிக்குது?

ஓடை நீரை மட்டும் சுமப்பதில்லை, மணலையும் கல்லையும் சுமக்கிறது. எமரி லேன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1955ல் இதை ஒரு சமநிலையாக எழுதினார். ஒரு பக்கம் மண்ணின் அளவும் பரல்களின் பருமனும். மறுபக்கம் நீரின் அளவும் சரிவும். ஒன்று மாறினால் மற்றவை மாறி ஈடுகட்டும்.

நம் ஓடைகளில் அந்தச் சமநிலை பல வழிகளில் குலைகிறது. மணல் அள்ளினால் சுமை குறைகிறது. வெறுங்கையோடு வரும் நீர் படுகையிலிருந்து மண்ணைப் பிடுங்கிக்கொள்ளும். மேலே பெரிய அணை கட்டினாலும் அதே கதிதான். தார்ச்சாலை, கூரைகள், தரிசான சரிவு ஆகியவற்றால் மழைநீர் குறைந்த நேரத்தில் மொத்தமாக வந்து சேர்கிறது. வளைவை நேராக்கினால் சரிவு கூடுகிறது. ஆட்டுமாடு ஒரே இடத்தில் இறங்கி ஏறினால் கரைப் புல் அழிகிறது. உங்கள் ஓடையில் எது காரணம் என்று தெரியாமல் கல்லை இறக்காதீர்கள். மணல் அள்ளுவது நிற்காத ஓடையில் எந்தத் தடுப்பும் நிலைக்காது.

எங்க ஓடை எந்த நிலையில இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கீழிருந்து மேலாக நடந்து பாருங்கள். ஷூம், ஹார்வி, வாட்சன் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1984ல் வகுத்த படிநிலைகள் இதற்கு உதவும். முதலில் சீரான ஓடை. அடுத்து படுகை இறங்குகிறது. கரைகள் செங்குத்தாக இருந்தாலும் இன்னும் இடியவில்லை. மூன்றாவதில் கரை தாங்காமல் இடிந்து ஓடை அகலமாகிறது. நான்காவதில் இடிந்த மண் படுகையில் தங்கத் தொடங்குகிறது. ஐந்தாவதில் பழைய மட்டத்துக்குக் கீழே ஒரு புதிய சிற்றோடையும் அதற்கென ஒரு சிறு சமவெளியும் (வெள்ளம் பரவும் தாழ்நிலம்) உருவாகிவிடும். ஒரே ஓடையில் கீழ்ப்பகுதி நான்காம் நிலையிலும் மேல்பகுதி இரண்டாம் நிலையிலும் இருப்பது சாதாரணம்.

அளந்து பார்க்க எளிய வழி உண்டு. படுகையிலிருந்து கரை உச்சி வரை உள்ள உயரத்தை, கரைநிறை ஆழத்தால் வகுக்க வேண்டும். கரைநிறை என்பது ஓடையை வடிவமைக்கும் வழக்கமான வெள்ளம் எட்டும் மட்டம். விடை 1க்கு அருகில் இருந்தால் ஓடை தன் சமவெளியோடு தொடர்பில் இருக்கிறது. 1.5ஐத் தாண்டினால் தொடர்பு அறுந்துவிட்டது.

பாதி வருஷம் காய்ஞ்சு கிடக்கிற ஓடையில அந்தக் கரைநிறை மட்டத்தை எங்க பார்க்கிறது?

படுகையோரம் மணல் படிந்து தட்டையாக நிற்கும் திட்டின் மேல்முகத்தைத் தேடுங்கள். பருமணல் முடிந்து வண்டல் தொடங்கும் இடமும், நிலைத்த புல்லும் புதரும் தொடங்கும் கோடும் பெரும்பாலும் அதே மட்டத்தில் இருக்கும். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாமல், நூறு மீட்டருக்குள் ஐந்தாறு இடங்களில் பார்த்து ஒத்துப்போவதை எடுங்கள். கிளைகளில் தொங்கும் குப்பை போன ஆண்டுப் பெருவெள்ளத்தின் அடையாளம். அதைக் கரைநிறை என்று கொள்ளக்கூடாது.

கரைநிறை வெள்ளம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது வெளிநாட்டு ஈர ஓடைகளில் கிடைத்த கணக்கு. புயல் மழையை நம்பியிருக்கும் நம் ஓடைகளுக்கு அந்த எண்ணைக் கண்மூடி எடுக்க வேண்டாம். கண்ணில் தெரியும் அடையாளத்தை நம்புங்கள்.

பொக்லைன் விட்டு நேரா, அகலமா வெட்டிட்டா வேலை முடிஞ்சிடாதா?

பிரச்சினை அங்கேதான் தொடங்கும். 100 மீட்டர் வளைந்து ஓடி 1 மீட்டர் இறங்கும் ஓடையின் சரிவு 1 சதவீதம். அதை 70 மீட்டருக்கு நேராக்கினால் அதே 1 மீட்டர் இறக்கம், சரிவு 1.43 சதவீதம். வெட்டிய இடத்தின் மேல்முனையில் படுகை ஒரு படியாக உடையும். அந்தப் படி ஒவ்வொரு மழைக்கும் மேல்நோக்கி நகர்ந்து, உங்கள் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அகலமாக வெட்டிய பகுதியிலோ சிறு வெள்ளம் மெலிந்து ஓடி மணலைப் போட்டுவிடும். இரண்டு மழைக்காலத்தில் ‘தூர்ந்துவிட்டது’ என்று மறுபடி பொக்லைன் வரும்.

ஏரியில் தூர்வாருவது வேறு விஷயம். ஏரி நீரைத் தேக்குவதற்கு, ஓடை மண்ணையும் கடத்துவதற்கு.

ஒரு நல்ல கான்கிரீட் தடுப்பணை கட்டினா போதாதா?

நீர் தேக்குவதுதான் நோக்கம் என்றால், சரியான இடத்தில் தடுப்பணைக்கு வேலை உண்டு. அரிப்பை நிறுத்துவது நோக்கம் என்றால் ஓர் உயரமான அணை பெரும்பாலும் கெடுதல். மேல்பக்கம் மணல் நிரம்பும். தெளிந்து விழும் நீர் கீழே குழி பறிக்கும். கல்விரிப்பு போதாத அணைகளில் அந்தக் குழி அடித்தளத்துக்கு அடியில் புகுந்து அணையே சாய்கிறது. பக்கச்சுவர் கரைக்குள் போதுமான தூரம் போகாவிட்டால் ஓடை அணையைச் சுற்றிப் புதுவழி வெட்டிக்கொள்ளும். நடு ஓடையில் அணை தனியாக நிற்க, பக்கத்தில் ஓடை ஓடுவதை நிறைய ஊர்களில் பார்க்கலாம். ஒன்றரை மீட்டரில் ஓர் அணை கட்டுவதைவிட, 30 செ.மீ.யில் ஐந்து தடுப்புகள் எங்கள் தேர்வு. ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

முதல்ல எங்க கை வைக்கணும்?

மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் அரிப்புப் படியில். அதை நிறுத்தாமல் கீழே எவ்வளவு செய்தாலும் மேலே ஓடை நீண்டுகொண்டே போகும். பாறையோ சிறுபாலத்தின் அடித்தளமோ தடுத்திருந்தால் மட்டும் அது தற்காலிகமாக நிற்கும்.

படி 1 மீட்டருக்கு உட்பட்டதாக இருந்தால் கையாலேயே செய்யலாம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஸூனி பழங்குடி மக்களோடு சேர்ந்து, ஓடைச் சீரமைப்பு வல்லுநர் பில் ஸீடிக் உருவாக்கிய கல்கிண்ணம் நம் மண்ணுக்கும் பொருந்தும். படிக்குக் கீழே இருக்கும் குழியைச் சற்று அகலப்படுத்தி, அடியில் பெரிய கற்களைப் பதியுங்கள். படியின் முகத்தைச் செதுக்கிச் சாய்வாக்கி, ஒரு சாண் கனத்துக்கு ஜல்லி போட்டு, அதன்மேல் கற்களைப் படிப்படியாகச் சாய்த்து அடுக்குங்கள். ஜல்லி இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியே மண் உறிஞ்சப்பட்டு, கற்கள் நின்ற இடத்திலேயே உள்வாங்கும். மேல்கல்லின் தலை, படியின் விளிம்பு மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குமேல் ஒரு விரல் உயர்ந்தாலும் நீர் பக்கவாட்டில் சுற்றும். கீழே, படி உயரத்தின் 4 முதல் 6 மடங்கு தூரத்தில் ஒற்றைக்கல் தடுப்பு (அடுத்த கேள்வியில் பார்க்கலாம்) ஒன்று போட்டால் கிண்ணத்தில் நீர் தேங்கி, விழும் நீரின் அடியைத் தாங்கிக்கொள்ளும்.

1 மீட்டருக்கு மேற்பட்ட படிக்கும், சாலையை ஒட்டிய படிக்கும் பொறியாளர் வேண்டும். வயல் நீர் கரைமேலிருந்து விழுந்து உண்டான பக்கப்படி என்றால், மேலே ஒரு சிறு வரப்பு போட்டு நீரை வேறு வழியில் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது.

ஒற்றைக்கல் தடுப்பு எப்படி அடுக்கணும்? எவ்வளவு கல் வேணும்?

பெயருக்கேற்ப உயரத்தில் ஒரே கல். ஓட்டத்தின் திசையில் நான்கைந்து வரிசை. 25–30 செ.மீ. உள்ள, முனை உடைந்த கருங்கல் நல்லது. உருண்டைக் கல் உருண்டு போகும். கீழ்வரிசைக்குக் குழி வெட்டி, கல்லின் தலை படுகை மட்டத்தில் நிற்கும்படி பதியுங்கள். தாண்டி விழும் நீரை அந்த வரிசை தாங்கும். அதற்கு மேல்பக்கமாக மற்ற வரிசைகளை, கல்லின் நீளப்பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி நெருக்கமாகச் செருகுங்கள். கடப்பாரையால் நெம்பினாலும் அசையக்கூடாது. நடுப்பகுதி இரு ஓரங்களைவிட 10–15 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். இருபுறமும் கரைக்குள் அரை மீட்டர் புதையுங்கள். மொத்த உயரம் கரைநிறை ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

3 மீட்டர் படுகைக்கு, கரைக்குள் போவதையும் சேர்த்து 4 மீட்டர் நீளம். வரிசைகள் ஒன்றரை மீட்டர், கனம் 30 செ.மீ. ஆக 1.8 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். சரிவு அதிகமான மேல்பகுதியில் 75 செ.மீ. உயரக் கல்தடுப்பு தேவைப்பட்டால் உச்சி அகலம் 40 செ.மீ., மேல்பக்கச் சரிவு 1:1 (உயரம்:கிடை), கீழ்ப்பக்கம் 1:3 வையுங்கள். 4 மீட்டர் அகலத்துக்கு 2 யூனிட் கல், பக்கம் புதைக்க இன்னும் அரை யூனிட்.

கல்லை அதே ஓடைப் படுகையிலிருந்து பொறுக்காதீர்கள். அந்தக் கல்தான் படுகையின் கவசம்.

எத்தனை அடிக்கு ஒன்னு போடணும்?

கீழ்த்தடுப்பின் உச்சி, மேல்தடுப்பின் அடி மட்டத்துக்கு வர வேண்டும். தடுப்பின் உயரத்தைச் சரிவால் வகுத்தால் இடைவெளி. 30 செ.மீ. தடுப்பு, 2 சதவீதச் சரிவு: 15 மீட்டர். 4 சதவீதம் என்றால் ஏழரை மீட்டர். சரிவை அளக்கக் கொத்தனாரின் ட்யூப் லெவல் போதும்; 20 மீட்டருக்கு ஒருமுறை படுகை மட்டத்தைக் குறியுங்கள்.

ஓடையின் இயல்பான மேடும் மடுவும் கரைநிறை அகலத்தின் 5 முதல் 7 மடங்குக்கு ஒருமுறை வரும். தடுப்புகளை ஏற்கனவே கல்மேடு இருக்கும் இடங்களில் அமைத்து, கணக்கை அதற்கேற்பச் சற்றுத் தளர்த்துங்கள். மடுவின் நடுவிலும் வளைவின் முனையிலும் போட வேண்டாம்.

கல்லே கிடைக்கல. மணல் மூட்டை போடலாமா?

பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் இரண்டாண்டு தாங்காது. கிழிந்தால் குப்பை வயலுக்குப் போகும். சணல் சாக்கு என்றால் ஒரு பருவத்துக்குச் சரி.

குச்சித் தடுப்பு இதைவிட நல்லது. கொரம்பு (குச்சி, தழை, மண்ணால் போடும் தற்காலிகத் தடுப்பு) கட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டைகளை 45 செ.மீ. இடைவெளியில், மேலே தெரியும் உயரத்துக்குக் குறையாமல் கீழே இறக்கி, இடையில் மிலாறுகளைப் பின்னி, மேல்பக்கம் வைக்கோலும் மண்ணும் அணைக்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகனில் பிரிட்ஜ் கிரீக் ஓடையில் 2009 முதல் இப்படிப் பின்னிய வரிசைகளால் படுகை உயர்ந்து, ஸ்டீல்ஹெட் மீன்களும் பெருகின. அங்கே குச்சிகளால் அணை கட்டும் பீவர் என்ற விலங்குகள் வந்து பராமரித்துக்கொண்டன. நமக்கு அந்த வசதி கிடையாது. இங்கே கரையான் தின்னும் முன் புல் பிடித்தாக வேண்டும் என்பதால், மழை தொடங்குவதற்குச் சற்று முன் கட்டி, உடனே நடவு செய்யுங்கள். சரிவு 3 சதவீதத்துக்கு மேல் போகும் இடத்தில் இதை நம்ப வேண்டாம்.

வளைவுல கரை இடிஞ்சு தென்னை ரெண்டு போயிடுச்சு. கல் சுவர் கட்டிடலாமா?

கரை பெரும்பாலும் வெள்ளத்தின்போது விழுவதில்லை, வடியும்போதுதான் விழுகிறது. நீர் ஊறிக் கனத்த கரைக்கு எதிர்ப்பக்க நீரின் தாங்கல் போய்விடுகிறது. அடிமண் ஏற்கனவே அரிக்கப்பட்டிருக்கும். ஆகவே மருந்து கரையடிக்குத்தான். நேர்ச்சுவர் உங்கள் தென்னையைக் காப்பாற்றிவிட்டு, சுவர் முடியும் இடத்தில் அடுத்தவர் கரையைத் தின்னும்.

கரையை 1 உயரத்துக்கு 2 கிடை என்று சாய்த்து, அடியில் கரைநிறையில் பாதி உயரத்துக்கு மட்டும் கல் பதித்து, அதற்குமேல் நடவு செய்வது முறை. வளைவின் தொடக்கத்தில் கற்களால் ஒன்றிரண்டு கைகள் நீட்டலாம். அவை கரையிலிருந்து மேல்நோக்கி 20–30 பாகைக் கோணத்தில், ஓடை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டு, நுனியை நோக்கித் தாழ வேண்டும். நீர் அவற்றைத் தாண்டும்போது கரையை விட்டு நடுவுக்குத் திரும்பும். கைகளைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் நீர் கரையின் மீதே போய் மோதும். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

கரையில என்ன நடலாம்?

நீர் மட்டத்துக்கு அருகில் நாணல், கோரை, வெட்டிவேர். வெட்டிவேர்ப் பதியன்களை 10–15 செ.மீ. இடைவெளியில் ஓட்டத்துக்குக் குறுக்காக அல்லது கரையின் சம உயரக் கோட்டில் வரிசையாக வையுங்கள். நடுக்கரையில் நொச்சி, ஆடாதோடை, பூவரசு: இவை போத்து வெட்டி வைத்தாலே வரும். போத்து 60–90 செ.மீ. நீளம், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். மேல்கரையில் நீர்மருது, நாவல், புங்கன், நீர்க்கடம்பு. கன்றுகளைவிடப் புல்லுக்கே முதல் இரண்டாண்டு முக்கியத்துவம் கொடுங்கள். கல் வேலை தை முதல் வைகாசிக்குள். நடவு புரட்டாசி மழையோடு. ஆட்டுமாட்டை ஈராண்டு தள்ளி வைக்க முடியாவிட்டால் நடவுக்குச் செலவிடாதீர்கள்.

நெய்வேலிக் காட்டாமணக்கு வேகமாகப் பிடிக்கிறதே என்று சிலர் வைக்கிறார்கள். வேண்டாம், ஓடையையே அடைத்துவிடும்.

சீமைக்கருவேலத்தை வேரோட பிடுங்கிடலாமா?

படுகை நடுவில் நிற்பதை எடுத்துவிடலாம். வெள்ளத்தைக் கரைப்பக்கம் தள்ளுவது அதுதான். செங்குத்தான கரையில் இருப்பதைப் பொக்லைனால் பிடுங்கினால் கரையும் சேர்ந்து வரும். அங்கே தரையோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துவிட்டு, இடையில் மேலே சொன்னவற்றை நட்டு, மூன்று பருவத்தில் மாற்றுங்கள்.

ரெண்டு ஆள் ஆழத்துக்குப் போயிடுச்சு. இதுக்கும் ஒற்றைக்கல் தானா?

இல்லை. படுகையைப் பழைய மட்டத்துக்கு உயர்த்த அங்கே மண்ணும் போதாது, காலமும் போதாது. பள்ளத்துக்குள்ளேயே புதிய சிறு சமவெளி உருவாக இடம் கொடுப்பதுதான் நடக்கக்கூடியது. அமெரிக்க ஓடை வல்லுநர் டேவ் ராஸ்கன் 1997ல் வரிசைப்படுத்திய நான்கு வழிகளில் இது இரண்டாவது. முதல் வழி படுகையை உயர்த்துவது. முன்பு சொன்ன நான்காம் நிலையை ஓடை எட்டியிருந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிட்டது. படிந்த திட்டில் புல் பிடிக்க விடுங்கள், ‘தூர்’ என்று அள்ளாதீர்கள். ஒற்றைக்கல் தடுப்புகளை அந்த உள்ளோடையில் மட்டும் போடலாம்.

ஓடை யாருக்குச் சொந்தம்? நாங்களே செய்யலாமா?

கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். பெரும்பாலும் ஓடைப் புறம்போக்கு. ஊராட்சித் தீர்மானமும் வருவாய்த்துறை, நீர்வளத்துறை ஒப்புதலும் தேவை. காப்புக்காடு என்றால் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 பொருந்தும். வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு கல்லும் நகர்த்தக்கூடாது. எடுக்கும் மணலை விற்பது 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளுக்குள் வரும், ஆகவே வெட்டிய மண்ணை அங்கேயே கரைக்குப் பயன்படுத்துங்கள். ஓடை நகர்ந்து பட்டா நிலத்துக்குள் வந்திருந்தால், வேலைக்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுவது நல்லது. பின்னால் வரும் சண்டை கல்லைவிடச் செலவு வைக்கும்.

மேல நாங்க தடுத்தா கீழ் ஊருக்குத் தண்ணி குறையாதா? எங்க கிணறாவது ஏறுமா?

மேலே சொன்ன 3 மீட்டர் படுகையில் 15 மீட்டர் இடைவெளித் தடுப்பு முழுதாகத் தேக்கினாலும் ஏறக்குறைய 6,750 லிட்டர்தான். ஒரு தண்ணீர் லாரிக்கும் குறைவு. மணல் நிரம்பியபின் அதுவும் இல்லை. கீழ் ஊரின் பங்கை அது பறிக்காது. வெள்ளத்தைத் தாமதப்படுத்தி நாட்களை நீட்டும்.

கிணறு ஏறுவது ஓடையோர வண்டல் நிலத்தில் நடக்கும். பாறைக்குள் இறங்கிய ஆழ்துளைக் கிணற்றுக்கு உறுதி சொல்ல முடியாது. வேலூர் மாவட்ட நாகநதியில் கிராமப் பெண்கள் கட்டிய கல்தடுப்புகளும் நீர்செறிவுக் கிணறுகளும் நிலத்தடி நீருக்கென்றே அமைக்கப்பட்டவை. அரிப்பு வேலையோடு அதைச் சேர்த்துச் செய்யலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றாக நினைக்க வேண்டாம்.

முதல் வெள்ளத்துலயே கல்லெல்லாம் போயிடுச்சே, ஏன்?

கல் எங்கே கிடக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் தெரியும். நடுவில் கலைந்து கீழே கிடந்தால் கல் சிறியது அல்லது நெருக்கம் போதவில்லை. கல் அப்படியே இருந்து கரை போயிருந்தால் உச்சி தட்டையாக இருந்திருக்கும், அல்லது பக்கப் புதைப்பு குறைவு. கீழ்வரிசை முன்னால் சாய்ந்து குழிக்குள் விழுந்திருந்தால் பதித்த ஆழம் போதாது. எல்லாத் தடுப்புகளிலும் ஒரே கோளாறு என்றால், உயரமோ இடைவெளியோ தவறு.

மணல் நிரம்பிப் புல் பிடித்த தடுப்பின்மேல் இரண்டாவது அடுக்கு வைக்கலாம், சற்று மேல்பக்கம் தள்ளி. நிரம்பும் முன் வைத்தால் அது வெறும் உயரமான அணை.

வேலை பலிச்சுதான்னு எதை வச்சுச் சொல்றது?

வேலைக்கு முன்பே மூன்று இடங்களில் இருகரையிலும் கான்கிரீட் முளை பதித்து, இடையே கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஒருமுறை கயிறிலிருந்து படுகை வரை அளந்து எழுதிவையுங்கள். ஒவ்வொரு பங்குனியிலும் அதே இடத்தில் மறுபடி. அதே முளையருகில் நின்று அதே திசையில் ஒரு புகைப்படம். ஓடையோரக் கிணறு இரண்டில் மாதம் ஒருமுறை நீர்மட்டம். வேலைக்குத் தொடர்பில்லாத தூரத்துக் கிணறு ஒன்றிலும் அதையே அளந்தால்தான் மழையின் பங்கைப் பிரித்துப் பார்க்க முடியும்.

பரல்களின் பருமனை அறிய, நடக்கும் ஒவ்வொரு அடியிலும் கால்பெருவிரல் படும் கல்லைப் பார்க்காமல் எடுத்து அதன் நடு அளவை (மிக நீண்டதும் மிகக் குறுகியதும் அல்லாத பக்கத்தை) குறியுங்கள்; 100 கல் போதும். நடுமதிப்பு ஆண்டுக்காண்டு பெரிதாகிக்கொண்டே போனால் மேலிருந்து மணல் வரத்து நின்றுவிட்டதா என்று பாருங்கள். திடீரென மணலாக மாறினால் மேலே எங்கோ ஒரு கரை புதிதாக இடிகிறது, நடந்து போய்த் தேடுங்கள்.